கருவுற்ற தாயின் உறக்கம்

கருவுற்ற பெண்ணைப் பார்த்து, "இரண்டு உயிருக்கும் சேர்த்து உண்" என்று சொல்லாத வீடு நம் நாட்டில் இல்லை. "இரவு நன்றாக உறங்கினாயா?" என்று கேட்கும் வீடுகளோ சிலவே. எல்லோருக்கும் பின் படுத்து, எல்லோருக்கும் முன் எழும் வழக்கம் அந்தப் பத்து மாதங்களிலும் பெரும்பாலும் மாறுவதில்லை. உறக்கம் குன்றினால் உடல் தளர்வதோடு மனமும் சோர்வடைகிறது. ஆகவே உணவைப் போன்றே உறக்கத்தையும் பேணுதல் வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் மிகுதியாகச் சுரக்கிறது. பகலிலும் கண்கள் செருகுவதற்கு இது ஒரு காரணம். இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது தவறு. பிற்பகலில் அரை மணி நேரம் படுத்து எழுவது நன்மையே தரும். மாலையில் வெகுநேரம் உறங்கினால் மட்டும் இரவு உறக்கம் கெடும்.

கடைசி மாதங்களில் தொல்லைகள் வேறு. வளர்ந்த கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் பலமுறை எழ நேரிடுகிறது. இதற்கு அஞ்சி நீர் அருந்துவதையே குறைத்தல் கூடாது. பகலில் போதுமான நீர் பருகி, படுக்கும் நேரத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உணவை முடித்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுப்பது நலம். கெண்டைக்காலில் நரம்பு இழுத்தால், காலை நீட்டிப் பாதத்தைத் தன்னை நோக்கி மடக்கினால் இழுப்பு விடும். பிற்பகலுக்குப் பின் காபியும் தேநீரும் வேண்டாம்.

இனி, படுக்கும் முறை. 28 வாரம் நிறைந்த பின் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களின்மேல் விழுகிறது. அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும், குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறைகின்றன. மல்லாந்து உறங்கச் செல்வோரிடையே குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவது மிகுதி என்பதை நியூசிலாந்தில் 2011-ஆம் ஆண்டிலும், பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒருக்களித்தே படுத்தல் வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ, இரண்டும் ஏற்றவையே. முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையோ மடித்த பழம்புடவையோ வைத்துக்கொண்டால் இடுப்பு வலி தணியும். உறக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. விழித்ததும் மறுபடி ஒருக்களித்துக்கொண்டால் போதும்.

"படுத்தபடியே புரண்டால் குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றிவிடும், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் படுக்க வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். கொடி சுற்றுவது கருப்பை நீருக்குள் குழந்தை தானே அசைவதால் நேர்வது. தாய் புரள்வதால் அன்று. இந்த அச்சத்தால் விடியும்வரை ஒரே பக்கம் கிடந்து வருந்தும் பெண்கள் பலர். அவர்கள் அச்சமின்றிப் புரளலாம்.

படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வதுபோல் தோன்றி, அசைத்தால்தான் ஆறுதல் என்ற நிலை சிலருக்கு உண்டு. இரும்புச் சத்துக் குறைவு இதற்கு ஒரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். ஆனால் தேநீர், காபியுடனோ சுண்ணாம்புச் சத்து மாத்திரையுடனோ சேர்த்து உட்கொள்ளலாகாது. தூக்க மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், இரவில் உள்ளங்கை உள்ளங்கால்களில் தாங்கொணா அரிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உறக்கமின்மை, குறட்டை போன்றவற்றை வழக்கமான பரிசோதனையின்போது சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோருக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016 முதல் உள்ளது.

இவை யாவும் அவள் ஒருத்தியால் ஆகக்கூடியவை அல்ல. இரவுப் பாத்திரங்களைக் கணவர் கழுவலாம். விடியற்காலை வேலையை மாமியார் பகிர்ந்துகொள்ளலாம். அவள் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வீட்டார் வழி செய்தால், அதுவே தாய்க்கும் சேய்க்கும் அவர்கள் செய்யும் பேருதவி.