ஆலமர மானும் இலை அடையாளமும்

காசிக்குப் போகிற நம்மவர்கள் சாரநாத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவது வழக்கம். அங்கே தமேக் ஸ்தூபிக்குப் பக்கத்திலேயே 11ஆம் தீர்த்தங்கரர் சிரேயாம்சநாதருக்கு ஒரு ஜினாலயம் உண்டு. ஆகவே சமணர்களாகிய எங்களுக்கும் அது புண்ணிய பூமிதான். புத்தர் முதல் உபதேசம் செய்த அந்த மான் வனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது நிக்ரோதமிருக ஜாதகம். நிக்ரோதம் என்றால் ஆலமரம். பாலி ஜாதகத் தொகுப்பின் 547 கதைகளில் இது 12ஆவது.

காசி மன்னன் பிரம்மதத்தனுக்கு மான் கறி இல்லாமல் சாப்பாடு இறங்காது. தினமும் ஜனங்களைத் தொழிலை விட்டு வரச்சொல்லி வேட்டைக்கு இழுத்தான். பொறுக்க முடியாத ஜனங்கள் இரண்டு மந்தைகளை வளைத்து அரசன் தோட்டத்தில் அடைத்துவிட்டார்கள். மந்தைக்கு 500 மான்கள். தலைவர்கள் நிக்ரோதன், சாகன். இவ்விருவருக்கு மட்டும் அரசன் அபயம் தந்தான். அம்புக்குப் பயந்து ஓடிப் பல மான்கள் காயம்பட்டதால், முறை வைத்து நாளுக்கு ஒன்றாகப் போவது என்று பேசி முடித்தார்கள். ஒருநாள் சாகன் மந்தையில் ஒரு சினைமானின் முறை வந்தது. முறையை மாற்றச் சாகன் மறுத்தான். நிக்ரோதன் தானே போய்த் தலையை வைத்தான். மனம் இளகிய மன்னன் இருவரையும் விட்டான். நிக்ரோதன் அதோடு விடவில்லை. மற்ற மான்கள், நாற்கால் பிராணிகள், பறவை, மீன் என்று எல்லாவற்றுக்கும் அபயம் வாங்கிக்கொண்டான்.

கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். கடையில் வரவு, பற்று எழுதிப் பழகிய எனக்கோ அப்புறம் வருவதுதான் முக்கியம். அபயம் கிடைத்த மான்கள் வயலில் இறங்கின. அடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. குடியானவர்கள் முறையிட்டார்கள், கொடுத்த வாக்கை மீற மாட்டேன் என்றான் அரசன். இதைக் கேட்ட நிக்ரோதன், பிறர் பயிரைத் தொடக்கூடாது என்று மான்களுக்குக் கட்டளையிட்டான். வேலி வேண்டாம், வயலோரத்தில் இலை கட்டி வைத்தால் போதும் என்று குடியானவர்களுக்குச் சொல்லியனுப்பினான். இலையைக் கண்ட மான் அதைத் தாண்டவில்லை.

ஜீவன்கள் ஒன்றுக்கொன்று உதவுவது இயல்பு என்று எங்கள் தத்துவார்த்த சூத்திரமும் சொல்கிறது. ஆனால் ஜீவகாருண்யம் என்றால் நாம் கொடுப்பது மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 2016இல் பயிரை மேய்கின்றன என்று பீஹாரில் நீல்காய்களைச் சுட்டபோது மனம் பதறியது. அப்போதுதான் இந்த இலை ஞாபகம் வந்தது. வியாபாரி நான் நன்கொடை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நஷ்டம் குடியானவனுக்கு அல்லவா? நீல்காய்க்கு இலை புரியாது. நிக்ரோதனின் பங்கை மனுஷன்தான் செய்யவேண்டும். சுடாதே என்று சொல்கிற நாம், வேலிக்கும் பயிர் நஷ்டத்துக்கும் கை கொடுக்கத்தான் வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, தயவுசெய்து இலை கட்டின இடம் வரைக்கும் சொல்லுங்கள்.