திருப்பப்பட்ட ஆறும் திரும்பி வந்த ரயிலும்: தேனி குறித்துச் சில குறிப்புகள்

தேனியைப் பற்றி இன்று புழங்கும் கதையாடல் எளிமையானது. வறண்ட பள்ளத்தாக்கு, வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் தண்ணி கொண்டாந்தாரு, ஊர் செழிச்சது, ரயில் நின்னு தொய்ஞ்சது, ரயில் திரும்பி வரவும் மறுபடி துளிர்க்குது. இதில் பெரிய பொய் எதுவுமில்லை. யாரையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு இது முழுக்கதையாகிறது என்பதே என் கேள்வி.

முதலில் ஆறு. பெரியாறு இயல்பில் மேற்கே அரபிக்கடலுக்குப் போவது. 1886இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 வருஷக் குத்தகை எழுதப்பட்டது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அணை, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் நீரைக் கிழக்கே திருப்பியது. நம் கண்முன் ஓடும் முல்லையாறு பாதி இயற்கை, பாதி பத்திரம். அதனால்தான் அணையின் நீர்மட்டம் 1979இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டதும், 2014இல் உச்சநீதிமன்றம் 142 அடியை உறுதி செய்ததும் இங்கே பொறியியல் செய்தியாக மட்டும் இருப்பதில்லை. நாற்று பாவலாமா வேண்டாமா என்கிற வீட்டுப் பேச்சாகிவிடுகிறது.

தொழில் நகரம் என்றதும் ஆற்றங்கரையில் வரிசையாய் நிற்கும் புகைபோக்கிகளைக் கற்பனை செய்வது மான்செஸ்டரிலிருந்து வந்த பழக்கம். இங்கே ஆலை என்பது ஆற்றின் நீளத்துக்கும் பரந்து கிடக்கிறது. மலையிலிருந்து குழாய்களில் இறங்கும் நீர் லோயர்கேம்ப்பில் மின்சாரமாகிறது. அதே நீர் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் நெல்லாகிறது. போடியில் ஏலக்காய் ஏலம். ஆண்டிபட்டிப் பக்கம் தறி. இவற்றின் சாலைகள் கூடுமிடத்தில் தேனிச் சந்தையும் நூற்பாலைகளும். ஆக, தேனி தனியொரு நகரமல்ல. ஒரு பள்ளத்தாக்கின் கல்லாப்பெட்டி.

ரயிலுக்கு வருவோம். மதுரை–போடி பாதை 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் வண்டி நின்றது. 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பியது. இந்த ஊர் 'மறுமலர்வது' முதல் தடவை அல்ல. நிறுத்துவதும் ஓட்டுவதும் ஒவ்வொரு முறையும் வெளியே தீர்மானிக்கப்பட்டன. மான்செஸ்டரில் பழைய ரயில் நிலையம் அருங்காட்சியகமாயிற்று. இங்கே ரயிலே திரும்பியிருப்பது நல்லதுதான். ஆனால் திரும்புவது யாருக்காக?

லோயர்கேம்ப்பில் 2013இல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. வீட்டுச் சுவரில் அவர் படம், பிள்ளைகளுக்கு அவர் பேர். சனங்களின் அந்த நன்றியை நான் கேலி செய்யவில்லை. ஒரு அரசு அதிகாரியைக் குலசாமிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவர்களுடைய அரசியல். ஆனால் அணை வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்த கூலிகளுக்கு நம் பிரதிகளில் பெயரில்லை. அந்த மௌனம் இன்றும் தொடர்கிறது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கித் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் எந்த 'வளர்ச்சி'ச் சொல்லாடலிலும் வருவதில்லை. ஏலக்காய் விலை நாளிதழில் வருகிறது. அந்தப் பெண்களின் கூலி வருவதில்லை. கரையோர ஊர்களின் சாக்கடையை வாங்கிக்கொள்ளும் ஆறும் அப்படித்தான். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவில் அது தீர்த்தம். மற்ற நாளில் கழிவு வாய்க்கால்.

எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. மறுமலர்ச்சியை ரயிலின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது. ஜீப்பில் போகிறவளின் கூலி என்ன, அவள் உயிரோடு வீடு திரும்ப உத்தரவாதம் என்ன, அவள் வீட்டுக் குடத்தில் வருகிற தண்ணி எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். துரையின் வரலாறு கல்லில் இருக்கிறது. இவர்களுடையது இன்னும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. சொல்பவர்கள் இருக்கும்போதே அதை எழுதிவிடுவது நல்லது.