சேலை யாருக்கு, கேள்வி யாரிடம்?

மூன்று நாடா ஓட்டி, கரையும் உடலும் பிசகாமல் கோர்வைச் சேலை நெய்கிற ஒருவரின் வீட்டுக்கு வழி கேட்டால், 'செவிடன் வீடா? நேரா போங்க' என்று பதில் வருகிறது. அவருக்குப் பெயர் இருக்கிறது. பெயரைவிடப் பெரிய கைத்திறன் இருக்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் மட்டுமில்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான்.

2010-ல், மு.கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளிகள்' என்பது அரசு வழக்குக்கு வந்தது. மனுவிலும் பலகையிலும் பெயர் மாறியது. மனசு மாறியதா? 2024 ஆகஸ்டில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் மேடையேறிய பேச்சாளர், பிள்ளைகள் முன்னிலையிலேயே உடல் குறைக்கு முற்பிறவிப் பாவத்தைக் காரணம் சொன்னார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் அங்கேயே அவரைத் தட்டிக் கேட்டார். அந்தத் துணிச்சலுக்கு எத்தனை கைதட்டினாலும் தகும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, பலர் முன் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பேச்சாளர் கைதான வழக்கில் அந்தப் பிரிவும் இருந்தது.

பாவக்கணக்குப் பேசுகிறவர்கள் காஞ்சியின் கதையையே சாட்சிக்கு இழுப்பார்கள். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிய சுந்தரர் கண்ணிழந்து, ஏகாம்பரநாதரிடம் இடக்கண் பெற்றார் அல்லவா என்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் கூரத்தை மட்டும் மறந்துவிடுவார்கள். அவ்வூரின் கூரத்தாழ்வான், குருநாதர் ராமானுஜரைக் காப்பாற்றப் போய்க் கண்களை இழந்தவர். அதற்குக் காரணமான நாலூரானுக்கும் நற்கதி கொடு என்று வரதராஜரிடம் வேண்டியவர். எந்தப் பாவக்கணக்கில் அவரை எழுதுவது?

வசைச்சொல்லை விட்டுவிட்டால் மட்டும் போதாது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளர் நல்ல மரியாதையோடுதான் பேசினார். ஆனால், சக்கர நாற்காலியில் இருந்தவரை விட்டுவிட்டு, கூட வந்த மகளிடம், "அம்மாவுக்கு என்ன கலர் பார்க்கணும்?" என்றார். "சேலை எனக்குத்தாம்ப்பா. மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் எடு" என்றார் அந்த அம்மா. அதன்பிறகு விலையும் அவரிடமே பேசப்பட்டது. அம்மா லேசில் விடவில்லை.

கோயிலிலும் இதே கதைதான். வெள்ளைக்கோலோடு வருபவரின் கையைப் பிடித்து இழுத்துப் போவதை உதவி என்று நினைக்கிறோம். "கூட வரட்டுமா சார்?" என்று முதலில் கேட்கலாம். சரியென்றால் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார். வரதராஜர் கோயிலில், அத்திகிரி என்னும் மேல் சன்னதிக்கு 24 படி. அதைச் சொல்லிவிட்டால், எண்ணிக்கொண்டே அவர் ஏறிவிடுவார்.