வரைபாய்வோர் இடாப்பு

பழந்தமிழிலே ‘வரைபாய்தல்’ என்றொரு வழக்குண்டு. வரை என்பது மலை. மலையுச்சியினின்றும் வீழ்ந்து உயிர் துறத்தலை அத்தொடர் குறிக்கும். வாழ்வை முடித்துக்கொள்ளத் துணிந்தவர் செயல் அது. இக்காலத்திலோ நோர்வே, சுவிற்சர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் ஆடவரும் மகளிரும் முதுகிலே வான்குடையொன்றைச் சுமந்து, மலைவிளிம்பில் நின்று பாய்வதை ஒரு விளையாட்டாகப் பயின்று வருகின்றனர். பரசூட் என்று நாம் வழங்கும் அவ்வான்குடை விரியுமென்ற நம்பிக்கையோடு, எழுந்து நடந்து மறுபடியும் மலையேறுவதற்காகவே இவர்கள் பாய்கின்றனர். ஆயினும் இவர்களுட் சிலர் எழுந்து நடப்பதில்லை.

அவ்வாறு எழாதுபோனவர்களை எஞ்சியோர் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதே என் சிந்தனையை நெடுநாளாக ஈர்த்து வந்திருக்கிறது. சாகசங்களில் எனக்குப் பெரிய நாட்டமில்லை. ஒரு சிறு சமுதாயம் தன் மரணங்களைத் தானே எழுதிவைத்து, அவற்றிலிருந்து தானே கற்க முயலும் முறையில் ஆசிரியராகிய நமக்கும் மாணவர்க்கும் சிந்திக்க வேண்டியது உண்டென்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான்கு நிலைகள்

இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் ‘பேஸ்’ பாய்ச்சல் என்பர். கட்டடம், வானொலிக் கோபுரம், பாலம், மலைநிலம் என்னும் நான்கினையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கூட்டி ஆக்கிய பெயர் அது. விமானத்திலிருந்து குதிப்பவர் ஓடும் பொருளிலிருந்து குதிக்கின்றனர். இவர்களோ அசையாது நிற்கும் பொருளிலிருந்து பாய்கின்றனர்.

உயரத்திலிருந்து துணியை நம்பிப் பாய்ந்தவர் முன்னரும் இருந்தனர். 1912 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பிரான்ஸ் ரைஷெல்ற் என்னும் தையற்காரர் தாமே தைத்த அங்கியொன்றை அணிந்து, பாரிஸ் நகரத்து ஈபெல் கோபுரத்தின் முதற்றளத்திலிருந்து பாய்ந்து, படம்பிடிக்கும் கருவியின் முன்னிலையிலேயே மாண்டார். 1966 ஜூலை 24 ஆந் திகதி மைக்கல் பெல்க்கி, பிறையன் ஷூபேட் என்னும் இருவர், கலிபோர்ணியாவிலுள்ள யோசெமிற்றித் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ 900 மீற்றர் உயர்ந்து நிற்கும் எல் கப்பித்தான் என்னும் கற்சுவரிலிருந்து பாய்ந்தனர். அவர்கள் கொண்டு சென்றவை வட்டக் குடைகள். விரும்பிய திசைக்குத் திருப்ப இயலாதவை. காற்று அவர்களைக் கற்சுவரை நோக்கியே தள்ளியது. இருவரும் எலும்பு முறிவோடு உயிர் தப்பினர்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1978 ஓகஸ்ட் மாதத்தில், அதே சுவரிலிருந்து நால்வர் பாய்ந்து நலமே தரையிறங்கினர். காற்றறைகளைக் கொண்ட நீள்சதுரக் குடைகள் அதற்குள் புழக்கத்துக்கு வந்திருந்தன. பறவை இறக்கையைப் போன்று முன்னோக்கிச் செல்லவும் திரும்பவும் வல்லவை அவை. அப்பாய்ச்சலைத் திட்டமிட்டுப் படம்பிடித்தவர் கார்ல் பேனிஷ். பொறியியலாளர் தொழிலைக் கைவிட்டு, வானிலே வீழ்வோரைப் படம்பிடிப்பதையே வாழ்வாகக் கொண்டவர் அவர். அவரும் அவர் மனைவி ஜீனும், பில் சிமித், பில் மேபீல்ட் என்னும் நண்பர் இருவரும் சேர்ந்தே ‘பேஸ்’ என்ற பெயரை இட்டனர். நான்கு வகை நிலைகளிலிருந்தும் பாய்ந்து முடித்தவர்க்கு வரிசையெண் வழங்கும் மரபையும் அவர்களே தொடக்கினர். 1981 ஜனவரி 18 ஆந் திகதி ஹியூஸ்டன் நகரத்துக் கட்டடமொன்றிலிருந்து பாய்ந்ததோடு சிமித் முதலாம் எண்ணையும் மேபீல்ட் இரண்டாம் எண்ணையும் பெற்றனர். மூன்றாம் எண் ஜீனுக்கு, நான்காவதே கார்லுக்கு. அவ்வரிசை இன்று ஈராயிரத்தைத் தாண்டிவிட்டது.

செக்கன்களின் கணக்கு

உயர்தர வகுப்பில் விழும் பொருள்களின் இயக்கத்தைப் படிப்பிக்கும்போது நான் இவர்களை உதாரணமாகக் காட்டுவதுண்டு. கைவிட்ட பொருள் முதற் செக்கனில் 5 மீற்றர் வீழும். இரண்டாஞ் செக்கன் முடிவில் 20 மீற்றர். மூன்றாவதன் முடிவில் 44. நான்காவதன் முடிவில் 78. ஐக்கிய அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், இரட்டை நீர்வீழ்ச்சி என்று பொருள்படும் பெயருடைய நகரத்தின் அருகே, பெரைன் பாலம் ஆற்றுக்கு மேல் 148 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. ஆண்டு முழுவதும் அனுமதிச் சீட்டின்றிப் பாயக்கூடிய இடமாகையால் புதியவர் பலர் அங்கு சென்றே பழகுவர். அப்பாலத்திலிருந்து நீர்மட்டத்தை அடைய ஐந்தரைச் செக்கன் போதும். வாசகர் இந்த வாக்கியத்தை வாசித்து முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

விமானத்திலிருந்து 4,000 மீற்றர் உயரத்தில் குதிப்பவர்க்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கிடைக்கின்றது. முதற் குடை பழுதானால் விரிப்பதற்கு இரண்டாவது குடையும் உண்டு. வரைபாய்வோர் பெரும்பாலும் ஒரே குடையோடுதான் பாய்வர். இரண்டாவதை விரிக்க அவர்களுக்கு நேரமேது? வேறொரு சிக்கலும் உண்டு. விமானத்தை விட்டு நீங்குபவரின் உடலைச் சுற்றி உடனேயே பெருங்காற்று இருக்கின்றது. நீரிலே துடுப்பு வலிப்பதுபோல அக்காற்றிலே கைகால்களைக் கொண்டு உடலைத் திருத்திக்கொள்ளலாம். மலைவிளிம்பை விட்டவர்க்கோ தொடக்கத்தில் காற்றின் துணையில்லை. கால் தரையை விட்ட கணத்தில் உடல் எவ்வாறு சாய்ந்ததோ, முதற் செக்கன்களில் அவ்வாறே வீழும். குடை விரியும்போது முகம் வெளியை நோக்காது கற்சுவரை நோக்கித் திரும்பிவிட்டாலோ, சுவரில் மோதாது விலகக் கண்ணிமைக்கும் பொழுதே உண்டு. ஆகவேதான் ஒவ்வொருவரும் தம் குடையை, மடிப்புக்கு மடிப்பு தடவிப் பார்த்துத் தாமே மடிக்கின்றனர்.

இதனைக் கேட்ட மாணவன் ஒருவன், “சேர், இது வீரமோ, விசரோ?” என்று கேட்டான். ஒரு சொல்லில் விடையிறுக்கலாகாது என்றேன். இதிலே எவர் எதனைப் பணயம் வைக்கின்றனர், தோற்றால் எவரெவர் அதன் விலையைக் கொடுக்கின்றனர் என்பதை முதலிலே பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அதற்குரிய நிகழ்ச்சிகள் இவர்தம் வரலாற்றிலேயே உள்ளன.

தடையும் அதன் பயனும்

1984 ஜூலை மாதத்தில் பேனிஷ் தம்பதியர் நோர்வே நாட்டின் ட்ரொல்வெகன் என்னும் பூதச்சுவரிலிருந்து தொலைக்காட்சிக்காகப் பாய்ந்து, அதுவரை எவரும் செய்யாத உயரச் சாதனையை நிலைநாட்டினர். மறுநாள், 7 ஆந் திகதி, கார்ல் அதே மலையின் வேறொரு முனையிலிருந்து பாய்ந்து பாறையில் மோதி இறந்தார். அவருக்கு வயது 43. சில நாட்களுள் ஜீன் அம்மலைக்குத் திரும்பிச் சென்று தாமும் பாய்ந்தார். அச்செயலைப் பிடிவாதம் என்பார் உளர். அஞ்சலி என்பாரும் உளர். கணவரைக் கொண்டது மலையன்று என்று தமக்குத் தாமே மெய்ப்பித்துக்கொள்ள அவர் விரும்பினார்போலும் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1986 இல் நோர்வே அரசு அச்சுவரிலிருந்து பாய்வதைத் தடைசெய்தது. செங்குத்தான அப்பாறையிலே சிக்கிக்கொண்டவரை மீட்கச் செல்வோரின் உயிருக்கும் ஆபத்து நேர்ந்தமையே அதற்குக் காரணம். இத்தடையில் நியாயமுண்டு. தன் உயிரைப் பணயம் வைப்பவன் மீட்பவன் உயிரையும் கேளாமலே பணயம் வைக்கின்றான் அன்றோ?

யோசெமிற்றியின் கதை அத்துணைத் தெளிவானதன்று. அங்கே 1980 ஆம் ஆண்டிலே பூங்கா நிருவாகம் அனுமதிச் சீட்டு வழங்கிச் சில வாரங்கள் பாயவிட்டது. பாய்வோர் விதிகளை மீறினர் என்ற முறைப்பாட்டோடு அது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அங்கு பாய்தல் குற்றமாயிற்று. பிடிபட்டவரின் கருவிகளும் பறிமுதலாயின. 1999 ஜூன் மாதத்தில் பிராங் கம்பாலி என்பவர் எல் கப்பித்தானிலிருந்து பாய்ந்து பழுதின்றித் தரையிறங்கினார். துரத்திய காவலரிடமிருந்து தப்புவதற்காக, பனியுருகிப் பெருகியோடிய மேர்செட் ஆற்றிலே இறங்கி மூழ்கி இறந்தார். இச்சட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு ஒக்ரோபர் 22 ஆந் திகதி ஐவர் பகிரங்கமாகப் பாய முன்வந்தனர். அவருள் ஒருவரான ஜான் டேவிஸ், பறிமுதலாகிவிடும் என்பதால் தம் சொந்தக் கருவியை விடுத்து இரவற் கருவியோடு பாய்ந்தார். குடையை விரிக்கும் பிடி அவர் பழகிய இடத்தில் இருக்கவில்லை. குடை விரியவேயில்லை. கீழே நின்று படம்பிடித்துக்கொண்டிருந்தவர்களுள் அவர் கணவரும் ஒருவர்.

இவ்விருவரின் சாவுக்கும் சட்டமே காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆற்றில் இறங்கியவரும் இரவற் கருவியை ஏற்றவரும் தாமே தெரிந்து செய்தனர். ஆயினும், காப்பதற்கென எழுந்த விதி ஒளிந்தோடும் நிலையை உண்டாக்குமாயின், அவ்வோட்டமே புதியதோர் ஆபத்தாகிவிடுகின்றது.

ஷெராக் தந்த எண்கள்

நோர்வேயின் தென்மேற்கிலே, கடல் நீண்டு புகுந்த மலைக்கணவாயொன்றின் கரையில், ஷெராக் என்னும் மலை ஏறத்தாழ 1,000 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. இங்கே தடையில்லை. ஸ்தவாங்கர் நகரத்துச் சங்கமொன்று, வருபவரைப் பதிவுசெய்து, புதியவர்க்கு இடத்தின் இயல்பை விளக்கிப் பாயவிடுகின்றது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஏட்டில் ஏறியமையால், மருத்துவர்கள் பின்னர் அவ்வேட்டை ஆராய முடிந்தது. 1995 முதல் 2005 வரை 20,850 பாய்ச்சல்கள், ஒன்பது மரணங்கள், உயிர்ச்சேதமற்ற விபத்துக்கள் 82. அதாவது, ஏறத்தாழ 2,300 பாய்ச்சலுக்கு ஓர் உயிர். விமானத்திலிருந்து குதிப்பதைக் காட்டிலும் காயமோ மரணமோ நேரும் வாய்ப்பு ஐந்து முதல் எட்டு மடங்கு மிகுதி என்று 2007 இல் அவர்கள் எழுதினர். பயமுறுத்தும் கதைகளையும் பெருமைப் பேச்சையும் ஒருங்கே அடக்கியது அச்சிறு எண்.

சுவிற்சர்லாந்தின் லவுட்டர்புரூணன் பள்ளத்தாக்கில் வேறொரு நாகரிகத்தைக் காண்கிறோம். அங்கே பாய்வோர் இறங்கும் புற்றரைகள், உழவர் தம் பசுக்களுக்கென வளர்க்கும் தீனி நிலங்கள். ஆகவே பாய்வோர் கட்டணஞ் செலுத்திச் சீட்டுப் பெறுகின்றனர். அப்பணம் உழவரைச் சேர்கின்றது. பாயுமுன் உலங்குவானூர்தி நிலையத்துக்கு அறிவிப்பதும் முறை. ஒருவன் கவனமின்மையால் ஓரிடம் எல்லோர்க்கும் மூடப்படுமாயின், அதனைத் தம்முட் பெருங்குற்றமாக இவர்கள் கருதுகின்றனர். காற்றுச் சரியில்லையென்று விளிம்பிலிருந்து திரும்பி நடந்து இறங்குபவனைக் கோழையென்று இகழ்வதும் நல்லோர் மரபன்று.

இறந்தோர் நிரல்

இனி, நான் முதலிற் குறித்த இடாப்புக்கு வருவோம். வாழ்வோர்க்கு எண் வழங்கிய இச்சமுதாயம், 1981 முதல் இறந்தோர்க்கும் வரிசையெண்ணிட்டு நிரலொன்றை வைத்திருக்கின்றது. தொடக்கப் பெயர்களுள் கார்ல் பேனிஷின் பெயரும் உண்டு. இன்று அந்நிரல் நானூறைத் தாண்டி நிற்கின்றது. கைகால்களுக்கிடையே துணிச்சிறகு தைத்த ஆடை பரவிய பின்னர், மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும் ஆசையும் பரவி, ஆண்டுதோறும் சேரும் பெயர்களும் பெருகின. 

நம் ஊரிலே ஒருவர் மறைந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அச்சிட்டு வழங்குகிறோம். அதிலே இறந்தவரின் குணங்களே நிறைந்திருக்கும், குறையொன்றும் இராது. அது நம் பண்பு. இவர்தம் நிரலோ வேறு. எந்த இடம், எத்திகதி, காற்று எப்படி, குடை எவ்வாறு மடிக்கப்பட்டது, எக்கணத்திலே எது பிழைத்தது என்பனவற்றை, நண்பர் என்றும் பாராது எழுதிவைக்கின்றனர். அடுத்து மலையேறப் போகின்றவன் இதனை வாசித்துவிட்டே ஏறட்டும் என்பது கருத்து. இறந்தவனைப் புகழாது அவன் பிழையைக் கூறுதல் கல்நெஞ்சம் போலத் தோன்றும். உயிரோடிருப்பவன்மீது கொண்ட இரக்கமே அது என்று நான் மதிக்கின்றேன்.

ஆனால் இந்நிரலையும் முற்றாக நம்பிவிடலாகாது. ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு பிழையைக் கண்டெழுதும்போது, ‘இப்பிழையை நான் செய்யேன்’ என்ற ஆறுதல் வாசிப்பவனுக்குக் கிடைத்துவிடுகின்றது. அவ்வாறு வாசித்தவர் பலர் பின்னர் அதே நிரலில் ஏறினர். 1966 இல் எலும்பு முறிந்து பிழைத்த பிறையன் ஷூபேட், நாற்பது ஆண்டுகளின் பின், 2006 ஒக்ரோபரில், மேற்கு வேர்ஜினியாவின் நியூ ரிவர் பாலத்திலிருந்து பாய்ந்து இறந்தார். குடை மிகத் தாமதமாகவே விரியத் தொடங்கிற்று. முன்னோடியென்று போற்றப்பட்டவர் அவர், வயது 66. அனுபவமும் ஒரு குடையே. அதுவும் சிலவேளை விரிவதில்லை.

அந்நிரலில் இன்னொரு குறையும் உண்டு. இடத்துக்கும் காற்றுக்கும் கருவிக்கும் அதிலே இடமுண்டு. இறந்தவனின் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைக்கும் இடமில்லை. அவர்கள் எண்ணிக்கையை எவரும் கூட்டிப் பார்த்ததில்லை. தன் உயிர் தனக்கே உரியது என்று வாதிப்பவனும் மறுக்க முடியாத பகுதி அது. பாயும் உரிமையை நான் மறுக்கவில்லை. பாய்வோரின் நேர்மையான கணக்கையும் மதிக்கின்றேன். எழுதப்படாத அப்பகுதியை மனத்திலே எழுதிப் பார்த்த பின்னரும் விளிம்பிலே நிற்பவன் எவனோ, அவனுக்கே வரை பாய்தலின் முழு விலையும் தெரியும்.