நிர்வாகக் கல்விக்குத் தோட்டத்துப் பாடம்

வணிக நிர்வாகப் படிப்பில் அறமும் சமூகப் பொறுப்பும் பெரும்பாலும் ஒரு பருவத்துத் தனிப் பாடமாகவே நின்றுவிடுகின்றன. பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கான கொள்கைகள் ஐ.நா. ஆதரவுடன் 2007இல் வகுக்கப்பட்டன. ஆனாலும் பாடநூல்களில் அடிக்கடி வருவது 2001இல் திவாலான அமெரிக்க என்ரான் நிறுவனத்தின் கதைதான். மலாக்கா மாணவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. குருபோங்கை அடுத்த டுரியான் துங்காலிலேயே தொழில்நுட்ப நிர்வாகம் கற்பிக்கும் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1896இல் டான் சே யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட புக்கிட் லிந்தாங்கும் இதே மாநிலத்தில்தான் உள்ளது.

தோட்டத் துண்டாடலைப் போல் மாணவரைச் சிந்திக்க வைக்கும் பாடம் வேறில்லை. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று லாபம் பார்த்தார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் தொழிலாளிக்கு வேலை போனபோது லயத்து வீடும் சேர்ந்தே போனது. பிள்ளைகளின் பள்ளிக்கும் ஆபத்து வந்தது. இந்தப் பாதிப்புகளைப் பேராசிரியர் உங்கு அசிஸின் ஆய்வு 1962இல் ஆவணப்படுத்தியது.

இதற்கு மாற்றாக துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் 10 வெள்ளித் தவணைகளில் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் சங்கத்தின் முதல் தோட்டமானது. பால்மரம் வெட்டுபவரே பங்குதாரராகவும் ஆகும்போது, லாபத்தைப் பங்கிடுவதா, லயத்துக் கூரையை மாற்றுவதா என்பது நிர்வாகத்தின் நேரடிக் கேள்வியாகிறது. வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது.

இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். கட்டாய உழைப்பு குறித்த சந்தேகத்தால் 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. தொழிலாளர்கள் கட்டியிருந்த ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது உள்ளிட்ட சீர்திருத்தங்களை நிறுவனம் மேற்கொண்டது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது.

ஆகவே அறம் கணக்கியல், மனிதவள வகுப்புகளுக்குள்ளும் வர வேண்டும். ஒரு சம்பளச் சீட்டை மாணவர் கையில் கொடுத்து, பிடித்தங்களை வரிவரியாகப் படிக்க வைக்கலாம். ஊழியரின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது, ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடனை அடைக்க எத்தனை மாதச் சம்பளம் ஆகும் என்று கேட்கலாம். நிலம் விற்கும் கணக்கைப் போடச் சொல்லும்போது, லயத்தைக் காலி செய்யும் குடும்பங்களுக்கான மாற்று வீட்டுச் செலவையும் அதே தாளில் எழுத வைக்கலாம்.