மூட்டு ஊசி: வலியையும் பயத்தையும் குறைக்கும் வழிகள்

முழங்கால் தேய்மானம், தோள்பட்டை இறுக்கம், குதிகால் வலி ஆகியவற்றுக்கு வலிக்கும் இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர் 1951இல் மூட்டுக்குள் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்திக் கண்ட பலன்களை வெளியிட்டார். அதன்பின் இம்முறை பரவியது. ஆனால், "மூட்டுக்குள்ளேயே ஊசியா?" என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் உண்டு. இந்த வலியை நன்றாகவே குறைக்க முடியும்.

மூட்டின் குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. தோலிலும் மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும்தான் வலி உணரும் நரம்புகள் நிறைந்துள்ளன. அவற்றை முதலில் மரத்துப்போகச் செய்ய வேண்டும்.

எத்தில் குளோரைடு ஸ்ப்ரே இதற்கு எளிய வழி. சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் இத்திரவம், தோலில் பட்டதும் அதன் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிவிடும். தோல் சிறிது நேரம் மரத்துப்போகும். அந்த மரப்பு நீங்குவதற்குள் ஊசியைச் செலுத்திவிட வேண்டும்.

இன்னொரு வழி, முதலில் ஊசியாகப் போட்டு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்து. அது அமிலத்தன்மை கொண்டது. உள்ளே போகும்போதே எரியும். சிறிதளவு சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் எரிச்சல் குறையும். மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியால் மெதுவாகச் செலுத்துவதும் உதவும்.

இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதல்லவா? தொடுதல், அழுத்தம் பற்றிய நரம்புச் செய்திகள் முதுகுத் தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைத் தடுக்கின்றன என்று ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் விளக்கினார்கள். ஊசி போடும் இடத்துக்கு அருகில் விரலால் அழுத்துவதும், அதிர்வு தருவதும் இந்த அடிப்படையில்தான்.

பயந்தால் தசைகள் இறுகும், வலியும் கூடும். அதனால் நோயாளியைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டை வைத்துத் தளர்த்த வேண்டும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேச்சுக் கொடுப்பதும், நிதானமாக மூச்சு விடச் சொல்வதும் பயன் தரும். ஊசியைக் கண்டால் மயங்கி விழுபவர்களுக்குப் படுத்த நிலையே பாதுகாப்பு.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் வலி கூடலாம். ஐஸ் ஒத்தடம் போதும். காய்ச்சல் வந்தாலோ மூட்டு சிவந்து வீங்கிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வலியைக் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஊசி என்றால் பயம், முன்பு மயங்கியிருக்கிறேன் என்பதையெல்லாம் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். மரத்துப்போக மருந்து உண்டா என்றும் கேளுங்கள்.