எடைக்குப் போடுமுன் ஒரு நிமிடம்!

லயத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது, வேண்டாத சாமான் என்று முதலில் ஒதுக்குவது எதை? அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் அந்தக் கனத்த ஸ்டீரியோ ரிசீவரைத்தான்! "இனி இது பாடாது" என்று பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், அன்பர்களே. பெரும்பாலும் அது கெட்டுப்போயிருக்காது, கவனிப்பாரின்றிச் சோர்ந்திருக்கும்.

வானொலி பிடிக்கும் டியூனரும், ஒலியைப் பெருக்கும் ஆம்பிளிபயரும் ஒரே பெட்டியில் அடங்கியதே ரிசீவர். சூடேறும் கண்ணாடி வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்ததும், இதில் கம்பெனிகளுக்குள் பலத்த போட்டி. 1971-இல் வந்த மராண்ட்ஸ் 2270, ஒரு பக்கத்துக்கு 70 வாட் தந்தது. 1978-இல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ். 1980 தந்ததோ 270 வாட்! இவற்றின் உறுப்புகளில் பெரும்பாலானவற்றை ஈயத்தை உருக்கித் தனித்தனியே கழற்றி மாற்றலாம். அதனால்தான் ஐம்பது வயதிலும் இவை பிழைத்துக்கொள்கின்றன.

நோயை எப்படி அறிவது? குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், உள்ளே தூசியும் களிம்பும் சேர்ந்திருக்கிறது. அதற்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் போதும். மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடாதீர்கள். பாட்டில்லாத நேரத்திலும் 'உம்' என்று இரைந்தால், கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே மூடியைத் திறந்து கைவிடுவது ஆபத்து.

நீங்களே செய்யக்கூடியவையும் உண்டு. ரிசீவரின் மேல் துணி விரிக்காதீர்கள், பூச்சாடி வைக்காதீர்கள். சூடு வெளியேற வழி வேண்டும். ஒலிபெருக்கி வயர்களின் நுனி இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பாருங்கள். தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும். பியூஸ் எரிந்தால் அதே அளவு பியூஸையே போடுங்கள். சிகரெட் தாளைச் சுற்றிப் போடுவது வீட்டுக்கே நெருப்பு வைப்பதாகும். இடி மின்னல் வந்தால் பிளக்கையும் ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: ஜப்பானிலிருந்து பழைய சாமானாக வரும் பெட்டிகள் பலவும் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் வீட்டு மின்சாரமோ 230 முதல் 240 வோல்ட். நேரே செருகினால் புகைதான் மிஞ்சும்! பின்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, தக்க டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள்.

பல வருடம் சும்மா கிடந்த பெட்டியையும் உடனே செருக வேண்டாம். விவரம் தெரிந்த மெக்கானிக், பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தோ, வோல்ட்டை மெல்ல ஏற்றியோ சோதித்துப் பார்ப்பார். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி பாடத் தொடங்கியதும் மின்னல் எஃப்.எம். கேட்கலாம். கைத்தொலைபேசிப் பாட்டையும் 'ஆக்ஸ்' துளையில் வயர் செருகிக் கேட்கலாம். 'போனோ' துளை மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டுக்கு உரியது.

அப்பா மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தவணை கட்டி வாங்கிய பொருளாக அது இருக்கலாம். லோரிக்காரர் தருவது சில வெள்ளிதான். முதலில் மெக்கானிக்கிடம் ஒரு முறை காட்டிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்!